ஸ்பெயின் வைனுக்கு எங்க ஊர் டெவல் சிக்கன் சரி வருமா? நுவரெலியாவுல இருந்து ஒரு அவசர கேள்வி

கொழுந்து_கூடை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டுதான் இருந்தேன், இப்பதான் மொத தடவையா கேக்குறேன். நான் நுவரெலியாவுல ஒரு சின்ன ரெஸ்டோரண்ட்ல ஸ்டுவர்ட். பதினாலு மேசை, பழைய பங்களா கட்டடம், முன் ஹோல்ல ஒரு பயர்பிளேஸ். முதலாளி போன மாசம் கொழும்புக்கு போனவரு யாரோ இறக்குமதி பண்ணுறவங்க நல்ல விலைக்கு குடுத்தாங்கன்னு ஸ்பெயின் வைனா ஏழு வகை பெட்டி பெட்டியா கொண்டாந்து இறக்கிட்டாரு. ஏப்ரல் சீசனுக்கு முந்தி மெனு கார்ட்ல ஒவ்வொரு சாப்பாட்டுக்கு பக்கத்துலயும் இதுக்கு இந்த வைன்னு போடணுமாம், நீதான் இங்கிலீஷ் படிச்சவன்னு என் தலையில கட்டிட்டாரு. இங்கிலீஷ் தெரியுமுங்க, வைன் தெரியாது. சொன்னா சிரிப்பீங்க, நான் குடிக்கிறதே இல்ல.

ஸ்டோர்ல இருக்கிறது இதுதான்: ரியோஹா ரெண்டு வகை, ஒன்னுல க்ரியான்சான்னு போட்டிருக்கு இன்னொன்னுல ரெசெர்வான்னு, அப்புறம் ஹுமிய்யான்னு ஒரு சிவப்பு வைன் 15 சதவீதம், வெள்ளையில அல்பரிஞ்ஞோவும் வெர்தேஹோவும், காவா ப்ரூட்னு ஒரு நுரை வைன், கடைசியா ஃபினோ ஷெரின்னு ஒன்னு, அத யாரும் தொடுறதே இல்ல, நான் மூடிய திறந்து மோந்து பாத்தேன் கெட்டுப்போன மாதிரி ஒரு வாசம்.

மெனு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். டெவல் சிக்கன், ஹொட் பட்டர் கணவாய், கொறக்கா புளி போட்ட மீன் அம்புல் தியல், பன்றி கறுப்புக்கறி, ட்ரவுட் மீன் பொரியல், பொலோஸ்ங்கிற பிஞ்சு பலாக்காய் கறியோட சோறு கறி செட், கொத்து ரொட்டி, கடைசில வட்டலாப்பம்.

போன கிழமை ஒரு ஸ்பெயின் ஜோடி வந்தாங்க. நான் ரியோஜா ரியோஜான்னு சொல்ல அந்த அம்மா சிரிச்சிட்டே ரியோஹான்னு திருத்துனாங்க, அது பரவால்ல. டெவல் சிக்கன் ஓடர் பண்ணினாங்க, காரமான சாப்பாட்டுக்கு கடுப்பமான வைன் குடுத்தா சரியா இருக்கும்னு நானா யோசிச்சு அந்த 15 சதவீத ஹுமிய்யாவ ஊத்தினேன். ரெண்டு மொடக்கு குடிச்சவரு மூஞ்சி செவந்து, கண்ணுல தண்ணி வந்து, மெனு கார்டாலயே விசிறிக்கிட்டாரு. கடைசில வைன அப்படியே வச்சிட்டு லயன் பியர் ரெண்டு எடுத்தாங்க. முதலாளி கவுண்டர்ல இருந்து பாத்துட்டே இருந்தாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க, எங்க தப்பு பண்ணினேன்?


மஸ்கெலியா_மாமா:

தம்பி அந்த ஸ்பெயின்காரன் சரியாதான் செஞ்சிருக்கான். லயன் பியர் போத்தல்லயே 1881னு போட்டிருக்கும், அந்த கம்பனி ஆரம்பிச்சதே உங்க நுவரெலியாவுலதான். ஊர் சாப்பாட்டுக்கு ஊர் தண்ணி.


ஹட்டன்காரன்:

நான் குறுக்க பேசுறேன்னு நினைக்காதீங்க. சம்பளத்து நாள்ல எங்க தோட்டத்து லயத்துல என்னா நடக்குதுன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், எங்கப்பாவ கொண்டுபோனதே அந்த சாராயம்தான். இதுல நம்ம பிள்ளைங்க வைன் பாடம் வேற படிக்கணுமா?


கொழுந்து_கூடை:

அண்ணே நீங்க சொல்றது வெளங்குது, எங்க லயத்துலயும் அதே கதைதான், அதனாலதான் நான் தொடுறதில்ல. ஆனா இது என் வேல. கொழுந்து எடுத்து என்னைய படிக்க வச்ச அம்மாவுக்கு மாசம் அனுப்புற காசு இந்த மேசையில இருந்துதான் வருது. கோவிச்சுக்காதீங்க.


கப்பல்_டிக்கோயா:

தம்பி, நான் டிக்கோயாவுல பொறந்து பயணிகள் கப்பல்ல பதினோரு வருசம் வேல பாத்தவன், கடைசி ஆறு வருசம் வைன் ஸ்டுவர்ட். பாதி வருசம் பார்சிலோனாவுல இருந்துதான் கப்பல் கெளம்பும், அதனால ஸ்பெயின் வைன்ல கொஞ்சம் கைப்பழக்கம் இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், டீ ஊத்திக்கிட்டு உக்காந்து படி.

மொதல்ல குடிக்காதது ஒரு குறையே இல்ல. வைன் டேஸ்ட் பண்ணுறவன் முழுங்க மாட்டான். தோட்டத்து ஃபெக்டரில டீ மேக்கர் வரிசையா கோப்பை வச்சி கரண்டியால சர்ருன்னு உறிஞ்சி வாயெல்லாம் பரப்பி அப்புறம் துப்புவாரே, பாத்திருப்ப, அதேதான். துப்புறதுக்கு ஒரு கப் வச்சிக்க. உனக்கு நாக்கு இருக்கு, சின்ன வயசுல இருந்து டீ குடிச்ச நாக்கு, கொழும்புல இருக்கிறவனுக்கு அது இல்ல.

இப்ப நீ பண்ணின தப்பு. காரத்துக்கு கடுப்பம்னு நினைச்ச பாரு, அதுதான். கொச்சிக்கா, அதான் மிளகா, எரிச்சல்னு நம்ம சொல்றது ருசியே இல்ல, வாய்க்கு அது சூடு மாதிரி, அல்கஹோல் போனா அந்த எரிச்சல் இன்னும் ஏறும். 15 சதவீத வைன டெவலுக்கு மேல ஊத்துறது நெருப்புல மண்ணெண்ணெய் ஊத்துற மாதிரி. அதோட ஹுமிய்யா இருக்கே அது தென்கிழக்கு ஸ்பெயின், முர்சியா பக்கம், காஞ்ச சூடான பூமி, மொனஸ்த்ரெல்ங்கிற தடிச்ச தோல் திராட்சை, துவர்ப்பு ஜாஸ்தி. இந்த துவர்ப்ப வெளங்கிக்கணும்னா ஒரு வேல செய். மிளகா இடிச்ச கட்டசம்பல் ஒரு கரண்டி சாப்பிடு, உடனே சீனி போடாத கறுத்த சாயத்தண்ணிய சூடா ஒரு மொடக்கு குடி. நாக்கு எப்படி இழுத்து எரியுதுன்னு பாரு. அதுக்கப்புறம் சீனி போட்டு ஆறுன டீ குடிச்சு பாரு. வித்தியாசம் தெரியும். காரத்துக்கு துவர்ப்பு ஆகாது, அல்கஹோல் ஆகாது, சூடு ஆகாது. இனிப்பு ஆகும், குளிர் ஆகும், பழ வாசம் ஆகும். மெனுவுல கோழியா பன்றியா மீனான்னு பாக்காத, கொழம்புல என்னா இருக்குன்னு பாரு.

வெள்ளைக்காரன் புக்ல சிவப்பு இறைச்சிக்கு சிவப்பு வைன் வெள்ளை இறைச்சிக்கு வெள்ளை வைன்னு இருக்கும். அது அவன் சாப்பாட்டுக்கு, அவன் தட்டுல உப்பும் மிளகுத்தூளும்தான். நம்ம தட்டுல கோழி எங்க இருக்குன்னு தேடணும், மேல கெடக்கிறது முழுக்க மிளகாய்த்தூளும் ரம்பையும் தேங்காப்பாலும்.

இனி உன் போத்தலுக்கு வர்றேன். ஃபினோல ஆரம்பிக்கிறேன், அதத்தான் நீ கெட்டுப்போச்சுன்னு நினைச்ச. கெடல தம்பி. ஹெரேஸ்ங்கிற ஊர்ல பலொமினோ திராட்சையில செய்யிறது, பீப்பாவ முழுசா நிரப்ப மாட்டாங்க, மேல கொஞ்சம் காலியா விடுவாங்க, அப்ப பால்ல ஆடை படியிற மாதிரி வைனுக்கு மேல ஈஸ்ட் ஒரு படலமா படியும், அத ஃப்ளோர்னு சொல்லுவாங்க. அந்த ஆடைதான் காத்து படாம காப்பாத்துறது, அந்த வாசமும் அதுல இருந்துதான் வருது, பாண் மாவு புளிச்ச மாதிரி, பாதாம் மாதிரி, கடல் உப்பு மாதிரி. நல்லா சில்லுன்னு குடுக்கணும், கொஞ்சமாத்தான் ஊத்தணும், அதுவும் 15 சதவீதம்தான். அதனால காரத்துக்கு போடாத, பொரிச்சதுக்கு போடு. ஹொட் பட்டர் கணவாய்க்கு இத விட வேற எதுவும் வேணாம். அந்தலூசியா பக்கம் கடற்கரை ஊர்லயெல்லாம் கணவாயும் சின்ன மீனும் மாவுல பெரட்டி பொரிச்சு இத வச்சுத்தான் சாப்பிடுவாங்க, நம்ம கணவாயும் அதே பொரியல்தான், பட்டரும் காஞ்ச மிளகாயும் மட்டும் கூட. மிளகாய்த் துண்ட செஃப் கொஞ்சம் கொறச்சு போட்டா போதும். ஒன்னு ஞாபகம் வச்சிக்க, திறந்த ஃபினோ ப்ரிட்ஜ்ல ஒரு கிழமைக்கு மேல தாங்காது. நீ மூடிய திறந்து எத்தன நாள் ஆச்சு?

அல்பரிஞ்ஞோ வடமேற்கு ஸ்பெயின், கலிசியா, ரியாஸ் பைஷாஸ்ங்கிற இடம். அங்க மழையும் மூடுபனியும் நானுஓயா மாதிரியே, ஈரம் படாம இருக்க கொடிய கருங்கல் தூணுல பந்தல் கட்டி உசரத்துல படர விடுவாங்க, நம்ம பாகற்காய் பந்தல் மாதிரி. புளிப்பு தூக்கலா இருக்கும், அதனால அம்புல் தியலுக்கு அதுதான். கொறக்கா புளிப்புக்கு முன்னால புளிப்பில்லாத வைன் சப்புன்னு தண்ணி மாதிரி போய்டும், வைன்ல புளிப்பு சாப்பாட்ட விட ஒரு பிடியாவது ஜாஸ்தி இருக்கணும். சிவப்பு வைன மட்டும் அம்புல் தியலுக்கு குடுத்துடாத, அதுல இருக்கிற இரும்பும் மீன் எண்ணெயும் சேந்தா வாயில கவுச்சி அடிக்கும்.

வெர்தேஹோ ருவேதாவுல இருந்து வர்றது, அது 700, 800 மீட்டர் உசரத்துல ஒரு மேட்டு நிலம், பகல்ல வெயில் ராவுல குளிர். பச்சை இலை வாசமும் பெருஞ்சீரக வாசமும் இருக்கும். ட்ரவுட்டுக்கு அத போடு, எலுமிச்சை பிழிஞ்சி குடுப்பீங்கல்ல, கண்ண மூடிட்டு போடு.

ரியோஹாவுல க்ரியான்சான்னா மொத்தம் ரெண்டு வருசம் வச்சது, அதுல ஒரு வருசமாவது ஓக் பீப்பாவுல. ரெசெர்வான்னா மூனு வருசம். க்ரான் ரெசெர்வான்னு ஒன்னு இருக்கு அது அஞ்சு வருசம், உன்கிட்ட இல்ல. போத்தல் பின்னால ஒட்டியிருக்கிற முத்திரைக் கலரப் பாத்தாலே தெரியும், க்ரியான்சாவுக்கு சிவப்பு, ரெசெர்வாவுக்கு கருஞ்சிவப்பு, க்ரான் ரெசெர்வாவுக்கு நீலம். ரியோஹாக்காரங்க பழைய வழக்கப்படி அமெரிக்கா ஓக் பீப்பாதான் ஜாஸ்தி பாவிப்பாங்க, அந்த மரத்துல இருந்து வனிலா வாசமும் தேங்கா வாசமும் வைனுக்கு ஏறும். தேங்கா! நம்ம ஆளுங்களுக்கு இத விட என்னா வேணும். தேங்காப்பால் விட்டு மெதுவா வத்த வச்ச கறி எதுக்கும் க்ரியான்சா ஒட்டும், காரம் மட்டும் நடுத்தரமா இருக்கணும். பொலோஸ் கறிக்கு நான் அததான் சொல்லுவேன்.

பன்றி கறுப்புக்கறிக்கு ரெசெர்வா. அதுல கொச்சிக்காய விட மிளகும் வறுத்த தூளும்தான் பேசும், கொழுப்பும் இருக்கு, கொழுப்பு துவர்ப்ப அடக்கும். ஆனா செஃப் கொச்சிக்காயும் அள்ளி போடுறவரா இருந்தா இது செல்லாது.

ஹுமிய்யாவ காரமில்லாத பீஃப் ரோஸ்ட், ஸ்டேக்குக்கு வச்சிக்க. இல்லன்னா முதலாளிகிட்ட சொல்லி அந்த பெட்டிய மாத்தி நவார்ரா ரோசாதோ கேளு, கர்னாச்சா திராட்சையில செஞ்ச ரோஸ் கலர் வைன். சோறு கறி செட்டுக்கு அஞ்சு கறி ஒரே தட்டுல வருது, பருப்பு ஒரு பக்கம் சம்பல் ஒரு பக்கம் கருவாடு ஒரு பக்கம், எந்த கறிக்கு பொருத்தம் பாப்ப? அந்த மாதிரி தட்டுக்கு எவன்கூடயும் சண்ட போடாத வைன்தான் வேணும், அது ரோசாதோ.

காவா பத்தி நாளைக்கு எழுதுறேன், கை வலிக்குது.


குசினி_ராஜா:

கப்பல் அண்ணன் நல்லா சொன்னாரு, ஆனா ரெண்டு எடத்துல மிளகாய கொறன்னு சொல்லிட்டு போறாரு, அதுதான் வயித்தெரிச்சல். நான் பண்டாரவளையில குசினில இருக்கிறவன், பதினெட்டு வருசம். கெஸ்ட்டுக்காக கொற, வைனுக்காக கொறன்னு கொறச்சு கொறச்சு இப்ப சில ஹோட்டல்ல டெவல் சிக்கன் தக்காளி சோஸ்ல குளிச்ச கோழியா இருக்கு. வைன் வந்து எங்க சட்டிக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும், சட்டி எதுக்கு வைனுக்கு வளையணும்?

டெவல் பத்தி யாரும் சரியா சொல்லல. அதுல காரம் மட்டும் இல்ல தம்பி. சோஸ், வினிகர், சீனி, கறி மிளகா, பெரிய வெங்காயம் எல்லாம் பெரிய நெருப்புல போகுது. இனிப்பு இருக்கிற சாப்பாட்டோட இனிப்பே இல்லாத வைன் குடிச்சா வைன் புளிச்ச தண்ணியாயிடும். லட்டு சாப்பிட்டுட்டு தோடம்பழம் சாப்பிட்டுப் பாரு, அதே கதை. அதனால உன் ப்ரூட் காவாவும் டெவலுக்கு சுமார்தான், இனிப்பு காவா இருந்தா வாங்க சொல்லு.


கப்பல்_டிக்கோயா:

ராஜா அண்ணே கும்பிடுறேன், சட்டிய வளைக்க சொல்லல. இனிப்பு பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, நான் எழுத வந்ததும் அதுதான்.

காவான்னா ஷாம்பெய்ன் மாதிரியே போத்தலுக்குள்ளயே ரெண்டாவது தடவை புளிக்க வச்சி நுரை வர வைக்கிறது, ஒன்பது மாசமாவது ஈஸ்ட் மண்டியோட கெடக்கணும். பெரும்பாலும் கதலோனியா, பார்சிலோனாவுக்கு பக்கத்துல சான் சதுர்னிங்கிற ஊர சுத்தி. 1872ல கோதோர்னியு குடும்பத்து ஜோசெப் ரவெந்தோஸ்தான் அங்க மொத மொத இத செஞ்சாரு. மக்கபெயோ, ஷரெல்லோ, பரெய்யாதான்னு மூனு திராட்சை. லேபல்ல இருக்கிற வார்த்தைதான் முக்கியம். ப்ரூட் நேச்சர்னா லிட்டருக்கு சீனி 3 கிராமுக்கு கீழ, ப்ரூட்னா 12 கிராம் வரைக்கும், செமி செக்கோன்னா 32ல இருந்து 50 கிராம். ஐரோப்பாவுல செமி செக்கோவ கேக்குக்குத்தான் குடுப்பாங்க, கொஞ்சம் எளப்பமா பாப்பாங்க. நம்ம டெவலுக்கு கொத்துக்கு அதுதான் ராஜா, சில்லுன்னு குடுத்தா எரிச்சல தணிக்கும். நுரை சில பேருக்கு எரிச்சல கூட்டுற மாதிரி இருக்கும், அதையும் சொல்லிடணும், அதனால மொதல்ல அரை கிளாஸ் ஊத்தி கேளு. ப்ரூட்ட கட்லிஸ், ரோல்ஸ், பொரிச்ச ஐட்டத்துக்கு, அதோட கெஸ்ட் வந்து உக்காந்த உடன குடுக்கிறதுக்கு வச்சிக்க.

அப்புறம் கேக்க மறந்துட்டேன், போத்தல எல்லாம் எங்க வச்சிருக்கீங்க?


கொழுந்து_கூடை:

அண்ணே உங்க காலத் தொட்டு கும்பிடணும், இவ்வளவு யாரும் சொல்லி தந்ததில்ல. ஃபினோவ திறந்து பதினாறு நாள், கபட்லதான் இருந்துச்சு, ஹிஹி, போச்சுதானே.

சிவப்பு வைன் எல்லாம் பயர்பிளேஸுக்கு மேல உள்ள தட்டுல அடுக்கியிருக்கு. கெஸ்ட்டுக்கு பாக்க அழகா இருக்கும்னு முதலாளிதான் வைக்க சொன்னாரு.


கப்பல்_டிக்கோயா:

ஐயோ கடவுளே. இப்பவே எழும்பி போய் எறக்கு. அடிச்ச வெயில்ல டின் லொரியில ஏத்துன கொழுந்து மாதிரி அவிஞ்சி போய்டும்.

ரூம் டெம்பரேச்சர்ல சிவப்பு வைன் குடுக்கணும்னு சொல்லுவாங்களே, அந்த ரூம் ஐரோப்பாவுல ஹீட்டர் இல்லாத காலத்து கல்லு வீட்டு ரூம், 16, 18 பாகை. கொழும்புல ரூம்னா 30. அங்க சிவப்பு வைன ப்ரிட்ஜ்ல வச்சித்தான் எடுக்கணும். நுவரெலியாவுல கதவ தொறந்தா அந்த ரூம்தான்! இலங்கையில ஒரு மெசினும் இல்லாம சிவப்பு வைன சரியான சூட்டுல வைக்கக்கூடிய ஊர் உன் ஊர்தான், அத விட்டுட்டு நெருப்புக்கு மேல வச்சிருக்காரு மனுசன். வெயில் படாத ஸ்டோர் ரூம் இருக்குமே, மரக்கறி பெட்டி வைக்கிற இடம், அங்க படுக்க வச்சி அடுக்கு, கோர்க் காயக்கூடாது. ஜனவரி பெப்ரவரில பனி கொட்டுற ராவுல மட்டும் போத்தல் ரொம்ப குளிர்ந்து வாசம் அமுங்கிடும், அப்ப அர மணித்தியாலம் முந்தி டைனிங் ஹோல்ல கொண்டாந்து வை, நெருப்புக்கு பக்கத்துல இல்ல.


எல்ல_மூடுபனி:

அண்ணா வணக்கம், நான் எல்லவுல ஒரு ஹோட்டல்ல ரெசர்வேஷன்ல இருக்கேன். ஹோட்டல் ஸ்கூல்ல படிக்கும்போது வைன் பாடத்துல க்ளாஸ்லயே கூட மார்க்ஸ் எனக்குத்தான், ஆனா வேலைக்கு வந்த எடத்துல பார் பக்கம் வரவேணாம்னுட்டாங்க. 1979ல வந்த அந்த கட்டுப்பாடு தெரியும்தானே, பொம்பளைங்க மதுபானம் வாங்கவும் ஏலாது, விக்கிற எடத்துல வேல செய்யவும் ஏலாதுன்னு சொன்னது. 2018 ஜனவரில மங்கள சமரவீர நிதி அமைச்சரா இருந்தப்ப நீக்கினாரு, நான் சந்தோசத்துல அம்மாவுக்கு போன் பண்ணி முடிக்கிறதுக்குள்ள ஜனாதிபதி மைத்திரிபால திரும்ப கொண்டாந்துட்டாரு. சரி அது கெடக்கட்டும், பாடமாவது உங்களுக்கு உதவட்டும்.

சோறு கறி செட்டுல பிரச்சினை தேங்கா சம்பல்தான். ரெசெர்வா குடிச்சிட்டு சம்பல் சாப்பிட்டா இரும்பு சங்கிலிய நக்குன மாதிரி இருக்கும், பச்சை வெங்காயமும் மாசிக் கருவாடும் எலுமிச்சையும் சேந்து வைன கொன்னுடும். பருப்பு, கஜு கறி மாதிரி வெள்ளைக் கறிக்கு வெர்தேஹோ நல்லா இருக்கும். ஸ்டுவர்ட்மாருக்கு நான் சொல்றது, கெஸ்ட் சம்பல நடுவுல தொட்டுட்டு இருக்கிறப்ப போய் வைன் எப்படின்னு கேக்காதீங்க.

வட்டலாப்பத்துக்கு உங்க ஏழுல ஒன்னும் இல்ல. வைன் இனிப்பு பலகாரத்த விட இனிப்பா இருக்கணும், கித்துள் கருப்பட்டிய யாரால ஜெயிக்க ஏலும்? பெத்ரோ ஹிமெனெஸ்னு ஒரு ஷெரி இருக்கு, அதுதான் ஜெயிக்கும். திராட்சைய வெயில்ல பாய் மேல காய வச்சி முந்திரிவத்தல் மாதிரி ஆனப்புறம் பிழியிறது, லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல சீனி, ஊத்தினா நம்ம கித்துள் பாணி மாதிரியே கறுப்பா ஒழுகும். ஸ்பெயின்ல வனிலா ஐஸ்கிரீம் மேலயே ஊத்தி சாப்பிடுவாங்க. ஒரு போத்தல் வாங்கினாலும் திறந்து மாசக்கணக்குல இருக்கும், முதலாளிக்கு நட்டம் வராது.

இன்னொன்னு, மெனு கார்ட ரெண்டு விதமா ப்ரிண்ட் எடுங்க. போயா, அதான் பௌர்ணமி, அன்னிக்கு வைன் விக்க ஏலாது, வைன் பேரு போட்ட கார்ட குடுத்துட்டு இல்லன்னு சொன்னா கெஸ்ட் மூஞ்சிய பாக்க ஏலாது.


குசினி_ராஜா:

தங்கச்சி சொன்ன சம்பல் விசயம் சரி. நான் ஒன்னு கேக்கவா கப்பல் அண்ணே, அம்புல் தியலுக்கு அல்பரிஞ்ஞோன்னீங்க. எங்க ஹோட்டல்ல ஒரு கெஸ்ட் மிச்சம் வச்சிட்டு போன ஃபினோவோட நான் அம்புல் தியல் சாப்பிட்டிருக்கேன், ரா பன்னெண்டு மணிக்கு குசினில நின்னுக்கிட்டு. மிளகும் உப்பும் அந்த ஃபினோவோட நல்லா பேசிச்சு. புளிப்பு பத்தி புக்ல என்னா இருக்கோ தெரியல.


கப்பல்_டிக்கோயா:

அண்ணே ஃபினோவுல புளிப்பு கம்மி, கொறக்கா கூடுதலா போட்ட மீனுக்கு அது படுத்துடும்னுதான் நான் நினைச்சேன். ஆனா ஸ்பெயின்லயே வினிகர்ல ஊறுன நெத்தலி மீனுக்கும் ஒலிவ் காய்க்கும் இததான் குடிக்கிறாங்க, அதனால நீங்க சொல்றத தள்ளவும் ஏலாது. நம்ம தம்பி ரெண்டையும் வச்சி பாக்கட்டும்.

தம்பி உனக்கு இன்னொரு யோசனை. உங்க ஊர்ல லீக்ஸ் மலிவுதானே. கதலோனியாவுல வால்ஸ்னு ஒரு ஊர், அங்க குளிர் காலத்துல கால்சோட்டுன்னு ஒரு நீட்டு வெங்காயத் தாள், பாக்க லீக்ஸ் மாதிரியே இருக்கும், அத கொடிக் குச்சி நெருப்புல வெளிப்பக்கம் கருகுற வரைக்கும் சுட்டு, பேப்பர்ல சுத்தி வச்சி, கரியான தோல உருவிட்டு பாதாமும் தக்காளியும் அரைச்ச சட்னில தோச்சு தலைய அண்ணாந்து வாயில விடுவாங்க, கழுத்துல துணி கட்டிக்கிட்டு. ஒரு ஞாயித்துக்கிழமை கப்பல் ரிப்பேர்ல நின்னப்ப என்னைய கூட்டிட்டு போனாங்க, சட்டையெல்லாம் சட்னி. அதுக்கு காவாவும் இளசான சிவப்பு வைனும். உங்க செஃப்கிட்ட சொல்லு, நுவரெலியா லீக்ஸ்ல சின்னதா பாத்து சுட்டு, பாதாமுக்கு பதிலா கஜு அரைச்சு குடுத்தா அந்த ப்ரூட் காவா தன்னால போகும்.


மஸ்கெலியா_மாமா:

லீக்ஸ சுட்டு திங்கவா ஸ்பெயின் வரைக்கும் போனீங்க? நாங்க பங்கர் அடுப்புல கிழங்கோட சுட்டு சாப்பிட்டவங்க.


கொழுந்து_கூடை:

எல்லாருக்கும் நன்றி. மூனு நாளா பதில் போடல, இதோ நடந்தத சொல்றேன்.

திங்கக்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் செஃப், நான், இன்னும் ரெண்டு ஸ்டுவர்ட் எல்லாரும் உக்காந்து ஒவ்வொன்னா வச்சி பாத்தோம். நான் டீ மேக்கர் மாதிரியே உறிஞ்சி துப்பினேன், மொதல் ரெண்டு தடவ சட்டையில துப்பிக்கிட்டேன். கட்டசம்பலும் சாயத்தண்ணியும் வச்சி அண்ணன் சொன்ன டெஸ்ட்ட முதலாளிக்கு செஞ்சி காட்டினேன், மனுசன் ஒரு மொடக்குல வெளங்கிக்கிட்டாரு, அவரே போய் தட்டுல இருந்த போத்தல எல்லாம் எறக்குனாரு. ஆனா தட்டு வெறுமையா இருக்குன்னு காலி போத்தல கேக்குறாரு, அது வேற கதை.

க்ரியான்சாவும் பொலோஸும் எல்லாருக்கும் புடிச்சிச்சு, செஃப் ஒரு வார்த்தையும் பேசாம ரெண்டாவது தட்டு போட்டுக்கிட்டாரு. தேங்கா வாசம் எனக்கு மொதல்ல தெரியவே இல்ல, கிளாஸ் காலியானப்புறம் அடில மோந்து பாக்கும்போதுதான் பிடிபட்டுச்சு. கறுப்புக்கறிக்கு ரெசெர்வா எங்க செஃப் கைப்பக்குவத்துக்கு சரி வரல, அவரு கொச்சிக்கா போடுற ஆளு, அதனால மெனுவுல கறுப்புக்கறிக்கு பக்கத்துல ஒன்னும் போடல, கேட்டா மட்டும் க்ரியான்சா. அம்புல் தியலுக்கு நாலு பேர்ல மூனு பேருக்கு அல்பரிஞ்ஞோ, செஃபுக்கு மட்டும் புது ஃபினோ. ராஜா அண்ணே, குசினிக்காரங்க எல்லாம் ஒரு கட்சி போல. ஹுமிய்யா மூனு பெட்டில ரெண்ட திருப்பி எடுக்கிறதா சொல்லியிருக்காங்க, ரோசாதோ அடுத்த மாசம் வருமாம், செமி செக்கோவும் பெத்ரோ ஹிமெனெஸும் இருக்கான்னு கேட்டிருக்கு.

நேத்து ராத்திரி கொழும்பு குடும்பம் ஒன்னு, ஆறு பேர். கணவாய் கேட்டாங்க, நான் பயந்து பயந்து ஃபினோ ஒரு சின்ன கிளாஸ் சும்மா டேஸ்டுக்குன்னு வச்சேன். அந்த பெரியவரு மோந்து பாத்துட்டு மூஞ்ச சுளிச்சாரு. கணவாய் ஒரு துண்ட வாயில போட்டு மறுபடி குடிச்சாரு. அப்புறம் நாலு கிளாஸ் ஓடர்.

இன்னைக்கு காலைல ஸ்டோர் கணக்கு பாத்தா ஃபினோ அரை போத்தல் கொறையுது. யார் குடிச்சதுன்னு நான் கத்த, செஃப் குசினில இருந்து எட்டி பாத்து, யாரும் குடிக்கலடா, கணவாய் வதக்கும்போது ஊத்தி பாத்தேன்னாரு. சட்டிய நீட்டினாரு. சாப்பிட்டேன். இப்ப கேள்வி என்னான்னா, அந்த அரை போத்தல நான் பார் கணக்குல எழுதுறதா குசினி கணக்குல எழுதுறதா?


குசினி_ராஜா:

பார் கணக்குல எழுது.